அத்தியாயம் 7: ரினியூவல் நோட்டீஸ் வந்ததும் பணம் கட்டிவிடாதீர்கள்

கார் இன்ஷூரன்ஸ் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே எஸ்எம்எஸ் வரத் தொடங்கும். நாமும் ‘பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவோம். கடைசி நாள் இரவு பதினோரு மணிக்கு அதே லிங்கைத் தட்டி, கேட்ட தொகையைக் கட்டிவிட்டுப் படுத்துவிடுவோம். இப்படிப்பட்ட வாடிக்கையாளரைத்தான் நிறுவனங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

வேறு சிலர் இதற்கு நேர் எதிர். ஆப்பைத் திறந்து, வரிசையில் முதலில் நிற்கும் மிகக் குறைந்த தொகைக்குக் கட்டிவிட்டு, பாதிக்குப் பாதி மிச்சம் என்று மகிழ்வார்கள். எது குறைந்ததால் அந்தத் தொகை குறைந்தது என்பது கிளைம் நாளில்தான் தெரியவரும்.

இந்த அத்தியாயம் சொல்வது ஒன்றைத்தான்: கொட்டேஷன்களை முதலில் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள், பிறகு ஒப்பிடுங்கள். இரண்டு மாலை நேரங்கள் ஒதுக்கினால் போதும். இங்கே உள்ள விதிகளும் கணக்குகளும் இந்தியாவில் ஓடும் சொந்த உபயோகக் கார்களுக்கானவை. டாக்ஸிக்குக் கணக்கு வேறு.

எது மாறும், எது மாறாது

போன வருட பாலிசியை எடுங்கள். பிரீமியம் அட்டவணை பெரும்பாலும் இரண்டு கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒன்று ‘ஓன் டேமேஜ்’. இதைச் சுருக்கமாக ஓடி என்பார்கள். நம் காருக்கு நேரும் சேதமும் திருட்டும் இதில் அடங்கும். மற்றொன்று ‘லயபிலிட்டி’, அதாவது தேர்ட் பார்ட்டி. நம் காரால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது.

தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை நிறுவனங்கள் தீர்மானிப்பதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயுடன் கலந்து அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 அன்று அமலுக்கு வந்த அட்டவணைப்படி, ஜிஎஸ்டி நீங்கலாக ஓராண்டுக்கு:

- 1000 சிசி வரை: ரூ.2,094
- 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை: ரூ.3,416
- 1500 சிசிக்கு மேல்: ரூ.7,897

மின்சாரக் கார்களுக்கு இதில் 15 சதவீதமும் ஹைப்ரிட் கார்களுக்கு 7.5 சதவீதமும் குறைவு. விகிதம் எப்போது திருத்தப்பட்டாலும், ஒரு காருக்கு எல்லா நிறுவனங்களிடமும் இந்த எண் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ‘தேர்ட் பார்ட்டியில் டிஸ்கவுண்ட்’ என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஓடி பிரீமியத்தை நிறுவனங்களே தீர்மானித்துக்கொள்ளும் சுதந்திரம் 2007 ஜனவரி முதல் இருக்கிறது. ஆகவே பேரம், தேடல், ஒப்பீடு எல்லாம் இந்தக் கட்டத்திலும் அதோடு சேரும் ஆட்-ஆன்களிலும்தான்.

உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

1. நடப்பு பாலிசியின் எல்லாப் பக்கங்களும்.
2. ஆர்சி. இன்ஜின் எண், சேசிஸ் எண், பதிவான தேதி ஆகியவை இதிலிருந்து வேண்டும்.
3. கடைசி ஐந்து ஆண்டுகளில் எப்போது கிளைம் செய்தீர்கள் என்ற விவரம்.
4. வேறு தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தால் அதன் நகல்.
5. சிஎன்ஜி அல்லது எல்பிஜி கிட் பொருத்தியிருந்தால் அது ஏறிய ஆர்சியும் பில்லும்.

படி 1: 45 நாளுக்கு முன்பே தொடங்குங்கள்

முன்கூட்டியே வாங்கினாலும் புதிய பாலிசி, பழையது முடிந்த மறுநாள்தான் தொடங்கும். ஒரு நாள்கூட வீணாகாது. கடைசி வாரத்தில் தேடினால் பேரம் பேச நேரமிருக்காது. பாலிசி முடிந்த பிறகு தேடினால் காரை மறுபடி ஆய்வு செய்யச் சொல்வார்கள்.

படி 2: உங்கள் தேவையை ஒரே தாளில் எழுதுங்கள்

கொட்டேஷன் கேட்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். பின்னால் செய்தால் அவர்கள் காட்டுவதெல்லாம் தேவை போலத் தோன்றும். தாளில் ஐந்து வரி போதும்: ஐடிவி, என்சிபி (கிளைம் செய்யாததற்கான தள்ளுபடி), ஆட்-ஆன், விருப்பக் கழிவு (‘வாலன்டரி டிடக்டிபிள்’, கிளைமில் நாமே ஏற்கும் தொகை), தனிநபர் விபத்துக் காப்பீடு. ஐடிவியையும் ஆட்-ஆனையும் அடுத்துப் பார்ப்போம், மற்றவற்றை ‘தள்ளுபடிகள்’ பகுதியில்.

படி 3: ஐடிவியை நீங்களே கணக்கிடுங்கள்

கார் திருடு போனாலோ, பழுது பார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டி ‘டோட்டல் லாஸ்’ ஆனாலோ கிடைக்கும் உச்சத்தொகைதான் ஐடிவி. அதே மாடலின் இன்றைய எக்ஸ்-ஷோரூம் விலையில் காரின் வயதுக்கேற்பக் கழித்தால் வரும்:

- 6 மாதம் வரை: 5 சதவீதம்
- 6 மாதம் முதல் 1 ஆண்டு: 15 சதவீதம்
- 1 முதல் 2 ஆண்டு: 20 சதவீதம்
- 2 முதல் 3 ஆண்டு: 30 சதவீதம்
- 3 முதல் 4 ஆண்டு: 40 சதவீதம்
- 4 முதல் 5 ஆண்டு: 50 சதவீதம்

ஐந்து ஆண்டுக்கு மேல் நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்வது. ரூ.7 லட்சம் விலையுள்ள காருக்கு நான்கு ஆண்டு நிறையும்போது ஐடிவி ரூ.4,20,000. இதை ஒட்டிய தொகையையே எல்லோரிடமும் கேளுங்கள்.

குறிப்பு: ஆப்களில் ஐடிவியை ஏற்றி இறக்க ஒரு கோடு இருக்கும். மலிவான கொட்டேஷன் கண்ணில் பட்டால் முதலில் அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பல சமயம் அடிமட்டத்தில் இருக்கும்.

படி 4: ஆட்-ஆன்களைச் சலியுங்கள்

ஜீரோ டெப்ரிசியேஷன். ‘பம்பர் டு பம்பர்’ என்று ஏஜென்ட்கள் சொல்வது இதைத்தான். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். பம்பர் ரூ.12,000 என்றால் ரூ.6,000 உங்கள் கையிலிருந்து. அதற்கு மேல் கட்டாயக் கழிவு உண்டு: 1500 சிசி வரையிலான காருக்கு ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000. ஜீரோ டெப் இருந்தால் அந்த ஆயிரத்தோடு முடியும். ஐந்து வயது வரையிலான காருக்குப் பெரும்பாலும் எடுப்பதே நல்லது. ஆண்டுக்கு எத்தனை கிளைம் அனுமதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஜின் பாதுகாப்பு. வெள்ளத்தில் நின்ற காரின் சீட்டும் வயரிங்கும் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலேயே அடங்கும். தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் அடங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் வெள்ளத்துக்குத் தப்ப வரிசையாகக் கார்கள் நின்றதை நினைத்துக்கொள்ளுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போல ஆண்டுதோறும் தண்ணீர் நிற்கும் இடத்தில் இருப்பவர்கள் இதை விடக் கூடாது. மேட்டு நிலத்தில், மூடிய கராஜில் கார் நிறுத்துபவர்கள் யோசித்து எடுக்கலாம்.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ். கார் திருடு போனால் ஐடிவிக்குப் பதில் பில் விலையே கிடைக்கச் செய்வது. புதுக் காருக்கு, அதிலும் பெரிய கடன் பாக்கி இருப்பவருக்குப் பொருந்தும்.

ரோட்சைடு அசிஸ்டன்ஸ். கார் கம்பெனியே இதைக் கொடுத்திருந்தால் மறுபடி வாங்காதீர்கள்.

சாவி தொலைந்தால், டயர் போனால், காரிலிருந்த பொருள் போனால் என்று வரிசையாக வருபவை. தனித்தனியாகச் சிறு தொகை, கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டும். ‘பேக்கேஜ்’ என்று மொத்தமாகக் காட்டினால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

படி 5: மூன்று வழிகளில் கொட்டேஷன் வாங்குங்கள்

1. நடப்பு நிறுவனத்தின் ரினியூவல் நோட்டீஸ்.
2. ஒரு ஒப்பீட்டுத் தளமோ ஆப்போ. ஐஆர்டிஏஐ பதிவு எண் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும்.
3. ஒப்பீட்டுத் தளத்தில் இல்லாத இரண்டு நிறுவனங்களிடம் நேரடியாக.

மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எல்லா நிறுவனங்களும் எல்லாத் தளங்களிலும் இருப்பதில்லை. நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியண்டல், நேஷனல் ஆகிய நான்கு பொதுத்துறை நிறுவனங்களின் கிளைகள் மாவட்டத் தலைநகரங்களில் உண்டு. ஏஜென்ட் மூலமாகவோ கிளைக்கே போயோ எழுத்தில் கொட்டேஷன் வாங்கலாம். யுனைடெட் இந்தியா, சோழமண்டலம் எம்எஸ், ராயல் சுந்தரம் மூன்றுக்கும் தலைமையகம் சென்னைதான்.

குறிப்பு: ஒப்பீட்டுத் தளத்தில் போன் நம்பரைப் போட்டால் அன்று மாலையே அழைப்புகள் தொடங்கும். அதிகம் புழங்காத நம்பரையும் தனி மெயில் முகவரியையும் கொடுப்பது நிம்மதி.

ஏஜென்டிடம் பேசும்போது உங்கள் தாளை அப்படியே வாசியுங்கள்: “சார், ஐடிவி நாலு இருபது. இதுவரை கிளைம் இல்லை, என்சிபி நாற்பத்தஞ்சு. ஜீரோ டெப், இன்ஜின் ப்ரொடெக்ட் ரெண்டும் வேணும், வேற எதுவும் வேண்டாம். வாலன்டரி டிடக்டிபிள் இல்லை. பிரேக்-அப்போட வாட்ஸ்அப்ல அனுப்புங்க.” இப்படிக் கேட்பவரிடம் மொத்தத் தொகையை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

படி 6: ஒரே நிலைக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள்

மேலே சொன்ன ரூ.7 லட்சம் காரையே உதாரணமாக எடுப்போம். 1200 சிசி, நான்கு ஆண்டு நிறைகிறது, ஒரு கிளைமும் இல்லை. எண்கள் கணக்குக் காட்டுவதற்காக. எந்த நிறுவனத்தின் விலையும் அல்ல. முதல் பார்வையில் வந்தவை:

- அ (ரினியூவல் நோட்டீஸ்): ரூ.16,067
- ஆ (ஆப்பில் முதலிடம்): ரூ.7,600
- இ (ஏஜென்ட்): ரூ.12,751

‘ஆ’வுக்கும் ‘அ’வுக்கும் வித்தியாசம் ரூ.8,467. விரித்துப் பார்த்தால் ‘ஆ’வின் ஐடிவி ரூ.3,40,000. விருப்பக் கழிவு ரூ.7,500 சேர்ந்திருக்கிறது. ஆட்-ஆன் இல்லை, தனிநபர் விபத்துக் காப்பீடும் இல்லை. கார் திருடு போனால் ரூ.80,000 குறைவாக வரும். ‘அ’விலோ ரூ.1,400க்குக் கேட்காத ஆட்-ஆன்கள் ஏற்றியிருக்கிறார்கள். மூன்றையும் நம் தாளின்படி திருத்தினால்:

| விவரம் | அ | ஆ | இ |
|---|---|---|---|
| ஓடி பிரீமியம் | 9,000 | 7,600 | 6,800 |
| என்சிபி 45% கழிவு | 4,050 | 3,420 | 3,060 |
| மீதி ஓடி | 4,950 | 4,180 | 3,740 |
| ஜீரோ டெப், இன்ஜின் | 3,500 | 4,000 | 3,300 |
| தேர்ட் பார்ட்டி | 3,416 | 3,416 | 3,416 |
| தனிநபர் விபத்து | 350 | 350 | 350 |
| ஜிஎஸ்டி 18% | 2,199 | 2,150 | 1,945 |
| மொத்தம் (ரூ.) | 14,415 | 14,096 | 12,751 |

ரூ.8,467 என்று மின்னிய மிச்சம் ரூ.319 ஆகிவிட்டது. பட்டியலில் நடுவில் நின்ற ‘இ’தான் உண்மையில் மலிவு. திருத்திய ‘அ’வைவிட ரூ.1,664 குறைவு; நோட்டீஸில் கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் ரூ.3,316 குறைவு. பாதுகாப்பில் ஒரு ரூபாய்கூட இழக்காமல் கிடைக்கும் மிச்சம் இது.

படி 7: பழைய நிறுவனத்தோடு பேசுங்கள்

குறைந்த கொட்டேஷனை நடப்பு நிறுவனத்துக்கோ ஏஜென்டுக்கோ காட்டி, ஓடியில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். பல சமயம் குறைப்பார்கள். இரண்டு மூன்று நூறு ரூபாய்தான் வித்தியாசம், கிளைமில் நல்ல அனுபவமும் இருக்கிறது என்றால் அங்கேயே தொடரலாம்.

எச்சரிக்கை: ஏஜென்ட் தன் கமிஷனில் ஒரு பங்கைக் கையில் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். காப்பீட்டுச் சட்டம் 41ஆவது பிரிவு இதைத் தடை செய்கிறது, அபராதம் ரூ.10 லட்சம் வரை போகலாம். கொடுப்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் அந்தத் தடை உண்டு. தள்ளுபடி என்றால் அது பிரீமியம் அட்டவணையில் அச்சாகியிருக்க வேண்டும்.

படி 8: கிளைம் வசதியைப் பாருங்கள்

நீங்கள் வழக்கமாகக் கார் விடும் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, பாடி ஷாப் பொறுப்பாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: “இந்தக் கம்பெனிக்கு உங்ககிட்ட கேஷ்லெஸ் உண்டா? சர்வேயர் எத்தனை நாள்ல வர்றார்?” டிங்கரிங், பெயின்டிங் வேலையில் தினமும் எல்லா நிறுவனங்களோடும் மல்லுக்கட்டுபவர் அவர். விளம்பரத்தில் வராத பதில் அங்கே கிடைக்கும்.

படி 9: பணம் கட்டுங்கள், உடனே சரிபாருங்கள்

நிறுவனத்தின் பெயருக்கே ஆன்லைனிலோ செக்கிலோ கட்டுங்கள். பாலிசி மெயிலில் வந்ததும் பெயர், பதிவு எண், இன்ஜின் எண், சேசிஸ் எண், என்சிபி சதவீதம், ஆட்-ஆன்கள், தொடங்கும் தேதி, கடன் கொடுத்த வங்கியின் பெயர் எல்லாவற்றையும் ஒத்துப்பாருங்கள். பிழை இருந்தால் அன்றே எழுதித் திருத்தம் கேளுங்கள்.

தள்ளுபடிகள்: எது கனமானது, எது பெயரளவுக்கு

என்சிபி. கிளைம் இல்லாத ஆண்டுகளுக்கு ஓடியில் 20, 25, 35, 45, 50 சதவீதம் எனப் படியேறும். தள்ளுபடிகளில் இதுதான் பெரியது. இது காருக்கு அல்ல, உங்களுக்குச் சொந்தம். நிறுவனம் மாறினாலும் கூட வரும். பழைய காரை விற்றுப் புதுக் கார் வாங்கும்போது பழைய நிறுவனத்திடம் என்சிபி சான்றுக் கடிதம் வாங்கினால் மூன்று ஆண்டுக்குள் புதுக் காருக்குப் பயன்படுத்தலாம். ஷோரூமில் யாரும் இதை நினைவுபடுத்த மாட்டார்கள்.

தனிநபர் விபத்துக் காப்பீடு. காரின் உரிமையாளர் ஓட்டுநராக இருந்தால் ரூ.15 லட்சத்துக்கு இது கட்டாயம். ஏற்கெனவே அந்த அளவுக்கு வேறு பாலிசி இருந்தால், எழுதிக் கொடுத்துவிட்டு இதைத் தவிர்க்கலாம். இரண்டு வண்டி வைத்திருப்பவருக்கு ஒன்றில் இருந்தால் போதும். நம் உதாரணத்தில் ஜிஎஸ்டியோடு ரூ.413 மிச்சம்.

விருப்பக் கழிவு. ‘முதல் ரூ.5,000ஐ நானே ஏற்கிறேன்’ என்று சொல்வதற்குக் கிடைக்கும் தள்ளுபடி. கழிவுத் தொகையை, மிச்சமாகும் பிரீமியத்தால் வகுத்துப் பாருங்கள். ரூ.5,000க்கு ரூ.1,500 மிச்சம் என்றால் மூன்றரை ஆண்டு கிளைம் இல்லாமல் ஓடினால் லாபம். ரூ.600தான் மிச்சம் என்றால் எட்டு ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும், வேண்டாம்.

ஓடும் தூரத்துக்கேற்ற பாலிசி. 2022 ஜூலையில் ஐஆர்டிஏஐ இத்தகைய ஆட்-ஆன்களை அனுமதித்தது. வாரக் கடைசியில் மட்டும் கார் எடுப்பவருக்கு நல்லது. ஓடோமீட்டரைப் பார்த்து, போன ஆண்டு ஓடிய தூரத்தோடு கொஞ்சம் கூட்டித் தேர்ந்தெடுங்கள். வரம்பு நெருங்கும்போது டாப்-அப் செய்ய மறந்தால் கிளைமில் சிக்கல் வரும்.

திருட்டுத் தடுப்புக் கருவி. பழைய டாரிஃப் வழக்கப்படி, வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏஆர்ஏஐயின் சான்று பெற்ற கருவிக்கு ஓடியில் 2.5 சதவீதம், உச்சம் ரூ.500. இருந்தால் கேளுங்கள், தள்ளுபடிக்காக மட்டும் வாங்கிப் பொருத்தாதீர்கள்.

ஆட்டோமொபைல் அசோசியேஷன் உறுப்பினர். 5 சதவீதம்தான், உச்சம் ரூ.200. ஏற்கெனவே உறுப்பினரானால் எண்ணைக் கொடுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்காக வடிவம் மாற்றிய கார். அந்த மாற்றம் ஆர்சியில் பதிவாகியிருந்தால் ஓடியில் பாதி. தகுதியுள்ளவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

புதுக் கார், செகண்ட் ஹேண்ட் கார்

புதுக் காருக்கு 2018 செப்டம்பர் முதல் மூன்று ஆண்டு தேர்ட் பார்ட்டி கட்டாயம். 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை என்றால் அது ரூ.10,640. ஓடியை ஓராண்டுக்கு மட்டும் எடுக்கலாம். இரண்டாம் ஆண்டு அதை மட்டும் வேறு நிறுவனத்தில் வாங்கலாம். ஷோரூம் கொட்டேஷனில் இன்ஷூரன்ஸ் வரியைத் தனியாகப் பிரித்து வாங்குங்கள். அங்கேதான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ‘வெளியே எடுத்தால் கேஷ் டிஸ்கவுண்ட் கிடையாது’ என்று சொன்னால், இரண்டு வழிக்கும் மொத்த ஆன்-ரோடு விலையை எழுதி வாங்கி ஒப்பிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்றவரின் என்சிபி உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டியிருக்கும். விலை பேசும்போதே அதையும் கணக்கில் வையுங்கள்.

அடிக்கடி நேரும் தவறுகள்

1. போன ஆண்டு கிளைம் செய்துவிட்டு ‘கிளைம் இல்லை’ என்று டிக் செய்வது. நிறுவனங்கள் தங்களுக்குள் சரிபார்த்துக்கொள்கின்றன. பெரிய விபத்தின்போது கிளைமே நிராகரிக்கப்படலாம்.
2. 90 நாளுக்கு மேல் பாலிசியை விட்டுவிடுவது. சேர்த்த என்சிபி முழுவதும் போய்விடும்.
3. பழைய காருக்கு ‘தேர்ட் பார்ட்டி போதும்’ என்று கணக்குப் பார்க்காமல் முடிவெடுப்பது. ஐடிவி இன்னும் ரூ.2 லட்சம் இருந்தால் ஓடிக்கு எவ்வளவு என்று ஒரு கொட்டேஷனாவது வாங்குங்கள்.
4. சிஎன்ஜி கிட்டை மறைப்பது. கூடுதல் பிரீமியம் கொஞ்சம்தான். மறைத்தால் தீ விபத்துக் கிளைம் சந்தேகத்துக்குள்ளாகும்.
5. சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுவது. சொந்த உபயோக பாலிசியில் அதற்கு இடமில்லை.

பாதுகாப்பு

போலி பாலிசி. பாதி விலைக்குத் தருகிறேன், ஜிபேயில் என் நம்பருக்கு அனுப்புங்கள் என்பவரிடம் ஏமாறாதீர்கள். பாலிசியிலுள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, பாலிசி எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். சில நாளில் எம்-பரிவாஹன் ஆப்பிலும் புதிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடிபி. ‘ஐஆர்டிஏஐயிலிருந்து பேசுகிறோம், போனஸ் வந்திருக்கிறது’ என்று சொல்லி ஓடிபி கேட்கும் அழைப்புகள் எல்லாமே மோசடி. ஐஆர்டிஏஐ யாருக்கும் பாலிசி விற்பதில்லை, போனஸும் தருவதில்லை.

பாலிசி முடிந்துவிட்டால். காரை எடுக்காதீர்கள், மெக்கானிக் கடை வரைக்கும்கூட வேண்டாம். முதல் முறை பிடிபட்டால் ரூ.2,000 அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, யாருக்காவது அடிபட்டால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு உங்கள் சொத்திலிருந்து போகும். கார் நிற்கும் இடத்திலேயே வீடியோ ஆய்வு செய்யும் நிறுவனங்கள் உண்டு. அதை முடித்து, பாலிசி கைக்கு வந்த பிறகு சாவியைத் தொடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற கார். சாவியைத் திருப்பாதீர்கள், ஸ்டார்ட் பட்டனை அழுத்தாதீர்கள். தண்ணீர் மட்டம் தெரியும்படி போட்டோ எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, கட்டி இழுத்தே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். இன்ஜின் பாதுகாப்பு எடுத்தவருக்கும் இதே விதிதான்.

தகராறு வந்தால். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். பிறகு ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளம் அல்லது 155255 என்ற எண். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

சின்னக் கிளைமுக்கு முன் ஒரு கணக்கு

அடுத்த ரினியூவல் மலிவாவது இந்த ஆண்டு நீங்கள் எடுக்கும் முடிவையும் பொறுத்தது. நம் உதாரணக் காரில் ஒரு கீறல், பெயின்டிங் ரூ.5,000 என்று வைத்துக்கொள்வோம். கட்டாயக் கழிவு போகக் கிளைமில் கிடைப்பது ரூ.4,000. அடுத்த ஆண்டு ஓடி ரூ.5,700 என்றால், வர வேண்டிய 50 சதவீத என்சிபி போய்விடும். ஜிஎஸ்டியோடு இழப்பு ரூ.3,363. அதற்கடுத்த ஆண்டு ஓடி ரூ.5,000, 50க்குப் பதில் 20 சதவீதம்தான் கிடைக்கும் என்பதால் மேலும் ரூ.1,770. இரண்டே ஆண்டில் ரூ.5,133 போகிறது, அதன் பிறகும் இழப்பு தொடரும். கையிலிருந்து கொடுத்துவிடுவதே லாபம். பில் ரூ.15,000, ரூ.20,000 என்றால் தயங்காமல் கிளைம் செய்யுங்கள், அதற்காகத்தானே கட்டுகிறோம். என்சிபி ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தால் எத்தனை கிளைம் வரை அது காக்கும் என்று பார்த்து முடிவெடுங்கள்.

பணம் கட்டும் முன் கடைசிச் சரிபார்ப்பு

- எல்லாக் கொட்டேஷனிலும் ஐடிவி ஒன்றா?
- என்சிபி சதவீதம் சரியா, உண்மையா?
- தேர்ட் பார்ட்டி எண் எல்லாவற்றிலும் ஒன்றா?
- கேட்ட ஆட்-ஆன் மட்டும் இருக்கிறதா, கேட்காதது போயிற்றா?
- விருப்பக் கழிவு தெரியாமல் சேர்ந்திருக்கிறதா?
- தனிநபர் விபத்துக் காப்பீடு இரட்டிப்பாகிறதா?
- தொடங்கும் தேதிக்கும் பழையது முடியும் தேதிக்கும் இடைவெளி இல்லையா?
- உங்கள் ஒர்க்‌ஷாப்பில் கேஷ்லெஸ் உண்டா?
- பணம் நிறுவனத்தின் பெயருக்குப் போகிறதா?

ஒன்பதுக்கும் விடை கிடைத்த பிறகு மிகக் குறைந்த தொகையைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள். ஒப்பிட்ட தாளைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள், பாலிசி முடியும் தேதிக்கு 45 நாள் முன்பாக போனில் அலாரம் போடுங்கள். அடுத்த முறை அந்தத் தாளில் ஐடிவியையும் என்சிபியையும் திருத்தினால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரிதான்.